வலிக்காத புண்

செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு முள் என்பது புதிய செய்தி அன்று. மட்டையின் அடியில் முள், பழக்குலையில் முள், வெட்டிப் போட்டுக் காய்ந்து புல்லுக்குள் மறைந்து கிடக்கும் மட்டையிலும் முள். கெர்லிங்கிலும் கலும்பாங்கிலும் ராசாவிலும் பத்தாங் காலியிலும், அப்பால் கோலா சிலாங்கூர்ப் பக்கம் பெஸ்தாரி ஜெயாவிலும், முள் குத்தாத கால் உடைய தோட்டத் தொழிலாளியைக் காண்பது அரிது. குத்தினால் சுருக்கென்று வலிக்கும். உட்கார்ந்து பிடுங்கி எறிவோம். இரண்டு நாள் நொண்டுவோம். பிறகு ஆறிவிடும்.

இனிப்பு நீர் உள்ள ஒருவரின் காலில் அதே முள் ஏறினால் நடப்பது வேறு. அப்படி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வயது ஐம்பத்தைந்து. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். மாத்திரையைச் சில நாள் சாப்பிடுவார், சில நாள் மறந்துவிடுவார். காலையில் ஏறிய முள்ளோடு மாலை வரை நடக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், தரையில் சிவப்பாகப் பதிந்திருக்கும் கால் தடத்தை மனைவிதான் பார்க்கிறார்.

“என்னாங்க, காலிலே ரத்தம்?”

“முள்ளு போல இருக்கு. வலியே இல்லை, விடு.”

அன்று மஞ்சள் அரைத்துப் பூசுகிறார்கள். மூன்றாம் நாள் பாதம் சற்று வீங்குகிறது, வலி இல்லை. ஏழாம் நாள் புண்ணில் நீர் வடிகிறது; வலி இல்லை. பத்தாம் நாள் வீட்டுக்குள் நாற்றம் வீசுகிறது. அப்போதுதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே மருத்துவர், விரலை எடுப்பதா பாதத்தை எடுப்பதா என்பதைப் பற்றிப் பேசுகிறார்.

இது ஒரு வீட்டின் கதையன்று. நாம் எண்ணிப் பார்த்த கதைதான். ஆயினும் இதைக் கேட்டுக் கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இதில் வரும் மனிதரைப் போன்ற ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ தெரிந்திருக்கும். அவருடைய காலைப் பறித்தது முள் மட்டும் அன்று. “வலியே இல்லை” என்ற அந்தச் சொல்லும் சேர்ந்துதான் பறித்தது. இன்றைய பேச்சில் நாம் மனத்தில் பதிய வைக்க வேண்டிய செய்தி இது ஒன்றே: இனிப்பு நீர் உள்ளவர் காலில் வலிக்காத புண்தான் பெரிய புண்.

இந்த நோய் நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை முதலில் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த நோய் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தபோது அது நூற்றுக்கு 31 பேர். வயது வந்த மூவர் ஒரு வீட்டில் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். ஆதலால் இது அடுத்த வீட்டுச் செய்தி என்று எண்ணி வானொலியை அணைத்துவிட வேண்டாம்.

இனிப்பு நீருக்கும் காலுக்கும் என்ன தொடர்பு? ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் மூன்று கேடுகள் விளைகின்றன. முதலாவது, நரம்புகள் பழுதடைகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. அவைதாம் முதலில் கெடுகின்றன. முதலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும். பிறகு உணர்ச்சியே மங்கிவிடும். இரண்டாவது, காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் தடித்து ஒடுங்குகின்றன. இரத்தம் குறைந்தால் புண் ஆறுவதற்கு வேண்டியது எதுவும் அங்கே போய்ச் சேராது. மூன்றாவது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. நரம்பு கெட்டதால் புண் வந்தது தெரியாது. இரத்தம் குறைந்ததால் ஆறாது. எதிர்ப்பு குறைந்ததால் கிருமி பரவும். புகை பிடிப்பவராக இருந்தால் இரத்தக் குழாய்கள் இன்னும் விரைவில் அடைபடும்.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எடுத்துக் காட்டியவர்களுள் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். பால் பிராண்ட் கூர்ந்து பார்த்தார். நோயாளிகளின் சதை நல்ல சதையாகவே இருந்தது. உணர்ச்சி செத்துப்போனதால் அவர்கள் சூடான பாத்திரத்தைத் தொட்டார்கள், ஆணியை மிதித்தார்கள், புண் பட்ட காலிலேயே நாளெல்லாம் நடந்தார்கள். விரல்களைத் தின்றவை இந்தக் காயங்களே என்று அவர் கண்டார்.

அவர் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு முறை இங்கிலாந்தில் நெடுநேரம் ரயிலில் பயணம் செய்து இரவு அறைக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது, தம் குதிகாலில் உணர்ச்சி இல்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி அன்றிரவு முழுவதும் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி அதே இடத்தில் ஊசியை ஏற்றினார். துடித்துப் போனார்! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததால் நரம்பு அழுந்தி, கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று முதல் வலியை ஒரு வரமென்றே அவர் சொல்லி வந்தார். 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பின், உணர்ச்சியிழந்த கால்களைப் பற்றி வேலூரில் கற்ற பாடம் இனிப்பு நீர் உள்ளவர்களின் கால்களுக்கும் பொருந்தும் என்று கண்டு, அங்கேயும் அதைக் கற்பித்தார். 2003-இல் அவர் காலமானார்.

நம் சிலாங்கூரிலும் சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த நோயை மருந்தால் வென்றுவிட்டோம். ஆனால் உணர்ச்சியற்ற கால் இன்று இனிப்பு நீரின் வழியாக நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது.

நம் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று எப்படி அறிவது? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இப்சுவிச் என்னும் ஊரின் மருத்துவர்கள் வகுத்து 2011-இல் வெளியிட்டது. காலணியும் காலுறையும் இல்லாமல் படுத்துக் கொண்டு கண்ணை மூடிக் கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள ஒருவர், மகளோ பேரனோ, தம் சுட்டு விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் இரண்டு கால்களிலும் தொட வேண்டும். ஆக ஆறு இடங்கள். ஒவ்வொன்றையும் ஓரிரு நொடி, இறகு படுவது போல் மெல்லத் தொட்டால் போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். தெரியாத விரலை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொண்டு சுகாதார கிளினிக்கில் காட்ட வேண்டும். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே கால்களைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. கூச்சப்பட வேண்டியதில்லை; கேட்பது நம் உரிமை.

இனி, புண் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் நம் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு புண்ணை ஓடும் சுத்தமான குழாய் நீரில் கழுவ வேண்டும். குழாய் நீர் கலங்கி வந்தால், கொதிக்க வைத்து நன்றாக ஆற வைத்த நீரைப் பயன்படுத்தலாம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான கட்டுத் துணியால் மூட வேண்டும். கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது. நனைந்தால் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, அன்றோ தவறினால் மறுநாளோ கிளினிக்குக்குப் போக வேண்டும். சிறிய புண்தானே என்று நான்கு நாள் பார்ப்பது இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கு உள்ள வசதி. நமக்கு அந்த வசதி இல்லை. ஆழமாக ஏறிய முள்ளோ ஆணியோ என்றால் அன்றே போக வேண்டும். இசிவுநோய்த் தடுப்பூசி தேவையா என்றும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது பழமொழி. இனிப்பு நீர் உள்ளவர் காலில் அந்தப் பழமொழியைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஊசியாலோ உளியாலோ தோண்டினால் ஒரு புண் இரண்டாகும். மஞ்சள், காப்பித் தூள், சாம்பல், புகையிலை, தைலம் ஆகிய எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. நீர் கலக்காத கிருமிநாசினியையும் ஸ்பிரிட்டையும் ஊற்றக் கூடாது; அவை கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் சுட்டுவிடும். வெந்நீரில் காலை ஊற வைப்பது மிகவும் தவறு. உணர்ச்சியற்ற காலுக்குச் சூடு தெரியாது. கால் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது ஓய்வு. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உளி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பக்குவமாக வெட்டிய பட்டையும், பல ஆண்டுகள் சும்மா விட்டால்தான் மறுபட்டையாகத் தேறும். வெட்டிய இடத்தையே விடாமல் வெட்டினால் பட்டை எப்படி வளரும்? பாதத்தின் அடியிலுள்ள புண்ணும் அப்படித்தான். நாம் வைக்கும் ஒவ்வோர் அடியும் அந்தப் புண்ணின் மேல் விழும் ஒரு வெட்டு. என்ன மருந்து கட்டினாலும், அதன் மேல் நடந்து கொண்டிருந்தால் ஆறாது. பால் பிராண்டும் இந்த முறையையே கையாண்டார். மாவுக் கட்டுப் போட்டுப் பாதத்தின் பாரத்தைப் புண்ணிலிருந்து விலக்கினார். மாதக்கணக்கில் ஆறாதவையும் ஆறின. இன்றும் மருத்துவர்கள் மாவுக் கட்டோ தனிக் காலணியோ ஊன்றுகோலோ கொடுப்பது இதற்காகத்தான். வலி இல்லையே என்று அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்கு நடந்து போகக் கூடாது.

“ஓய்வெடுத்தால் கூலி என்ன ஆகும்?” என்று நீங்கள் கேட்பது நமக்குப் புரிகிறது. கால் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் காரணமாகிறது. தொழிலாளர் சட்டத்தின்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு நமக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18 நாள்; அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். வேலையின்போது பட்ட காயம் என்றால், அது முள்ளாக இருந்தாலும், அன்றே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்துவிட வேண்டும். பெர்கேசோ உதவி பெற அந்தப் பதிவு மிகவும் தேவை. பத்து நாள் கழித்துச் சொன்னால், எங்கே எப்போது குத்தியது என்பதற்குச் சாட்சி இராது.

சில அறிகுறிகளைக் கண்டால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், சூடு, சீழ், நாற்றம், விரலோ தோலோ கறுத்துப்போதல், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவை தோன்றினால், நள்ளிரவானாலும் கோலா குபு பாரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். அங்கிருந்து செலாயாங்குக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பினால் மறுக்காமல் போக வேண்டும். காய்ச்சலில் சாப்பிடவில்லையே என்று நாமாக இன்சுலினை நிறுத்தக் கூடாது; மருத்துவரிடம் கேட்க வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக் கொண்டிருக்கலாம். அதுவும் வலிக்காமல் இருக்கலாம்.

புண் ஆறிவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் கதை முடியவில்லை. ஆறியவர்களில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது என்று மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலால் காலைப் பார்ப்பது பல் துலக்குவது போல் அன்றாடப் பழக்கமாக வேண்டும். இரவு குளித்த பின் நல்ல வெளிச்சத்தில் மேற்புறம், அடிப்புறம், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். “தாத்தா, காலைக் காட்டுங்க” என்று ஒரு பிள்ளை தினமும் கேட்கும் வீட்டில் பெரும்பாலான புண்கள் முதல் நாளே பிடிபட்டுவிடும்.

விரலிடுக்கின் ஈரத்தைத் துடைக்க வேண்டும். தோல் வறண்டால் எண்ணெயோ களிம்போ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்ட வேண்டும். காய்ப்புத் தோலைச் சவரக் கத்தியால் சீவக் கூடாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வேலைக்குப் போகும்போது சிலிப்பர் போதாது. பூட்சும் காலுறையும் வேண்டும். போடும் முன் பூட்சைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். கல்லோ முள்ளோ தேளோ இருந்தால், காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

திருவிழாக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பூசத்தன்று பத்துமலையில் நண்பகல் வெயிலில் தார்ச் சாலை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் தீமிதியும் உண்டு. உணர்ச்சி குறைந்த காலோடு இவற்றில் இறங்குபவர், சுட்டது தெரியாமலே கொப்புளத்தோடு வீடு திரும்புவார். நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்தப் பெரியவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். தெய்வம் நம்மிடம் கேட்பது காலை அன்று.

நேயர்களே! நம் ஊரின் பெயரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1883-ஆம் ஆண்டு கோலா குபுவில் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் வாரிக் கொண்டது. அதன் பின்னும் வெள்ளமும் வண்டலும் ஓயாததால், அடுத்த நூற்றாண்டில் மேட்டு நிலத்தில் புதிய ஊர் கட்டினார்கள். புதியது என்பதால் ‘பாரு’ என்று பெயர் வந்தது. போன ஊருக்குப் பதிலாக ஒரு புதிய ஊரைக் கட்டிக் கொள்ள முடிந்தது. போன காலுக்குப் பதிலாகப் பொருத்துவது கட்டையே அன்றிக் கால் ஆகாது.

ஆகவே இன்றிரவு படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள இனிப்பு நீர்க்காரரின் காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அவர் “வலியே இல்லை” என்று சொன்னால், இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.